நீலம் பட்ட நெற்றி

அத்தியாயம் 5

திருடனைக் கண்டுபிடிக்க ஆள் கூப்பிட்டுவிட்டு, வந்தவர்கள் உட்காருவதற்குள் திருடியது யார் என்று தானே சொல்லிவிடுகிற முதலாளியைக் கவுஸ் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

“இவதான். சாட்சி வேணாம், ஒண்ணும் வேணாம். நெத்தியிலயே எழுதி ஒட்டியிருக்கு பாருங்க,” என்று கையை நீட்டினார் தர்மலிங்கம்.

எழுதித்தான் இருந்தது. ஸ்டோர் அறையின் மூலையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த உமாராணியின் நெற்றியில், திருநீறு பூசுகிற இடத்தில், திருநீறு பூசுகிற மாதிரியே மூன்று பட்டை. நிறம் மட்டும் பேனா மை நீலம். தேய்த்துத் தேய்த்துச் சுற்றிலும் தோல் சிவந்து கிடந்தது. நீலம் அசைந்து கொடுக்கவில்லை. முப்பது வயதுப் பெண். அழுது முடித்து, இனி அழவும் தெம்பில்லாமல் இருந்தாள்.

“எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னா எங்கள எதுக்கு போஸ் கூப்பிட்டீங்க? கைதட்டவா?” என்றான் கவுஸ்.

நளினி அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கவுஸ் வாயை மூடிக்கொண்டான்.

நளினி, இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக, ஒடியாத கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவர்களின் கட்டை அவிழ்க்க வைத்தவர். இப்போது சுங்கை பட்டாணியில் ஒரு ரொட்டி சானாய் கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். கீழே இருப்பது கவுஸின் மாமா கடை. நாற்பது வயதாகியும் ரொட்டி மாவு வீச வராத மருமகனை மாமா மாடிக்குத் தள்ளிவிட்டார். கவுஸ் அங்கே காடி, அதாவது கார், ஓட்டுவான்; மீதி நேரத்தில் வாய் ஓட்டுவான்.

“திருடுன பொடி எங்கன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறா,” என்றார் தர்மலிங்கம். “நாளைக்கு கோலாலம்பூர்லேருந்து பெரிய ஆளுங்க வர்றாங்க. புண்ணுல ஒட்டற எங்க பேட்ச்ச பாத்து, நல்லா இருந்தா ஆராய்ச்சிக்கு உதவி பண்ணுவாங்க. பொடி இல்லன்னா பேட்ச் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பாப்பேன். அப்புறம் போலீஸ் பாலாய்க்குப் போயி ரிப்போர்ட்தான்.”

“போஸ், நான் எடுக்கல போஸ்,” என்றாள் உமாராணி. “இந்த மாசந்தான் என்னை நிரந்தரம் பண்றேன்னு சொன்னீங்க. இந்த நேரத்துலயா திருடுவேன்? போலீஸ்ல பேரு போயிருச்சுன்னா எனக்கு எந்தக் கம்பெனியில வேலை குடுப்பாங்க?”

தர்மலிங்கம் காதில் வாங்கவில்லை. ஐம்பத்தைந்து வயது, கையில் தங்கச் சங்கிலி, தலையில் புருவம்வரை இழுத்துவிட்ட கோல்ஃப் தொப்பி. அவருக்குப் பின்னால் சுவர் முழுக்க அவருடைய படங்கள். திறப்பு விழா, பரிசு விழா, கோயில் விழா எல்லாவற்றிலும் நெற்றி நிறையப் பட்டை.

“கோல்ஃப் ஆடுவீங்களா போஸ்?” என்றான் கவுஸ்.

“இல்லையே.”

“தொப்பி ரொம்பப் பொருத்தமா இருக்கேன்னு கேட்டேன்.”

“ஏர்கான் குளிருது,” என்றார் தர்மலிங்கம். ஸ்டோர் அறையில் ஏர்கான் கிடையாது. ஒரு மேசைவிசிறி மட்டும், அதுவும் உமாராணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டர் தேவகியின் ஆய்வுக்கூடம் அடுத்த கதவு. போட்டிருந்த லேப் கோட்டைவிட வெளுப்பான ஒரு மெல்லிய திருநீற்றுக் கோடு நெற்றியில். இங்கிலாந்தில் படித்தவர் என்று தர்மலிங்கம் அறிமுகத்திலேயே இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

“இதுதான் நாங்க செய்யறது,” என்று ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார் தேவகி. உள்ளே உள்ளங்கை அகலத்தில் அகர் அகர் துண்டு மாதிரி ஒன்று, அடர் நீலத்தில் படுத்திருந்தது. “சர்க்கரை வியாதிக்காரங்களுக்குக் காலுல புண்ணு வந்து ஆறாம போகுதுல்ல, அதுமேல ஒட்டற ஜெல். இதுமேல செல்லை வளத்து, புதுத் தோல் கட்ட வைக்கணும்.”

“எதுல செய்யறீங்க டாக்டர்?” என்றான் கவுஸ்.

“ஜெலட்டின்.”

“ஹலாலா?”

“மீன் ஜெலட்டின்,” என்றார் தேவகி, இந்தக் கேள்வியைப் பழகியவராக. “வெறும் ஜெலட்டின் ஒடம்புச் சூட்டுல உருகிடும். அதோட இழைகளை ஒண்ணோட ஒண்ணு பிணைச்சுவிட ஒரு பொடி வேணும். பிணைக்கிற ரசாயனம் நெறைய இருக்கு. ஆனா அதுல பல சரக்கு, மேல வளர்ற செல்லையும் சேத்துக் கொன்னுடும். ஜெனிபின் அப்படி இல்ல. ஒருவகைப் பூச்செடியோட காய்லேருந்து எடுக்கறது, கொஞ்சம் சாது. விலைதான் தாங்காது. ஒரு பாட்டிலுக்கு ஒரு வருசம் அலைஞ்சோம்.”

“பாக்க எப்படி இருக்கும்?” என்று நளினி முதல்முறையாக வாய் திறந்தார்.

“வெள்ளைப் பொடி. புரதத்துல பட்டா சில மணி நேரத்துல நீலமாயிடும். நம்ம தோலும் புரதம்தான். பட்ட உடனே கழுவிட்டா ஒண்ணுமில்ல, அப்புறம் சோப்பு போட்டாலும் போகாது. தோல் உரிஞ்சு தானா போனாத்தான் உண்டு.” தேவகி கண்ணாடித் தட்டை மூடி வைத்தார். “திங்கட்கிழமை காலையில பாட்டில் காலி. உமா இந்த நெத்தியோட வந்து நின்னா. நான் என்ன சொல்ல? எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு.”

கஷ்டம் முகத்தில் தெரியத்தான் செய்தது. கவுஸுக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்தது.

ஆய்வுக்கூட வாசலில் ஒரு சின்னச் சாமி மேடை. அங்கே பிளாஸ்டிக் பாக்கெட்டில் கடைத் திருநீறு ஒருக்களித்துக் கிடந்தது.

“இந்த வாசல்ல ஒரு விரல் திருநீறு எடுக்காம யாரும் உள்ள வரமாட்டாங்க, வெளிய போகமாட்டாங்க,” என்றார் தர்மலிங்கம் பெருமையாக. “டாக்டர் எவ்வளவு படிச்சவங்க! ஒருநாள் தவறினதில்ல.”

“இங்க வட்டமா ஒரு டப்பா இருந்த தடம் இருக்கு. டப்பா எங்க?” என்றார் நளினி.

“வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூசை போட்டோம். மைக்ராஸ்கோப்புக்கெல்லாம் பொட்டு வெச்சு படைச்சோம். பூசையில மிச்சமாகறது எல்லாம் கோலா கெத்தில் தோட்டத்துக் கோயிலுக்குப் போயிடும். பழம், பொங்கல், திருநீறு, பித்தளை டப்பாவோட. அது எங்க அப்பா காலத்து வழக்கம். உமாவுக்குச் சொந்த ஊரு அந்தத் தோட்டந்தானே, அவ எடுத்துட்டுப் போவா.”

“அன்னைக்குக் கடைசியா கெளம்புனது யாரு?”

“நான், டாக்டர், இவ. மத்தவங்க சாப்பிட்டதும் போயிட்டாங்க. கேட்டுல முனியாண்டி எல்லார் பையையும் சோதிச்சுத்தான் விடுவான்.”

“உங்க பையையுமா போஸ்?” என்றான் கவுஸ்.

தர்மலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். “என் கம்பெனிடா இது!”

நளினி உமாராணியிடம் போய்க் குனிந்தார். “அன்னைக்கு நீ எங்க திருநீறு பூசுன?”

“கோயில்ல பூசாரி பூசி விட்டாருக்கா. ராத்திரியே டவுனு ரூமுக்கு வந்துட்டேன். சனிக்கிழமை எந்திரிச்சப்ப இப்படி இருந்துச்சு. சாயம் ஏதோ ஒட்டிக்கிச்சுன்னு நெனச்சேன்.”

“கவுஸ், காடிய எடு.”

கோலா கெத்தில் போகிற வழியெல்லாம் செம்பனை. நடுநடுவே விட்டுவைத்த ரப்பர் மரங்கள். தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குத் திரும்புகிற மண்சாலையில், கவுஸின் பழைய காடி நாற்பது காடிகளுக்குப் பின்னால் நின்றுபோனது.

“திருவிழாவா?” என்றான் கவுஸ். கொடியும் இல்லை, மேளமும் இல்லை. கூடாரம் போட்டு ஒருவர் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார். அவர் நெற்றியில் மூன்று நீலப் பட்டை. காடி நிறுத்த வழிகாட்டியவர் நெற்றியில் நீலம். அவர் இடுப்பில் இருந்த குழந்தைக்கும் நீலம், பாதி மூக்குவரை.

“அலாமாக்! அக்கா, ஊரே சேந்து திருடியிருக்குதக்கா.”

கோயிலுக்குள் பூசாரி பக்கிரிசாமி நின்றிருந்தார். அவர் பூசாரி அல்லவா, நெற்றியோடு நிறுத்தவில்லை. கையில் மூன்று, மார்பில் மூன்று, முழங்கையில், கழுத்தில் என்று முறைப்படி எல்லா இடத்திலும் நீலம் பட்டை பட்டையாக இறங்கியிருந்தது.

“கும்பல் தலைவரைப் பாத்தாச்சு,” என்று முணுமுணுத்தான் கவுஸ்.

“அம்மன் அருளும்மா!” பக்கிரிசாமி கைகூப்பினார். “நம்ம உமா பொண்ணு கொண்டாந்த திருநீறு. வெள்ளிக்கிழமை ராத்திரி தண்ணி விட்டுக் குழைச்சு, வந்தவங்க எல்லாருக்கும் பூசி விட்டேன். விடிஞ்சா தோட்டமே நீலம்! பாலிங்லேருந்து வர்றாங்க, அலோர் ஸ்டார்லேருந்து வர்றாங்க. அந்தப் புள்ள வந்தா கால்ல விழ ஆளு காத்துக்கிட்டு இருக்கு. அவ என்னமோ வேலை வேலைன்னு வரவே மாட்டேங்குறா.”

காலில் விழுவதற்குக் கோலா கெத்திலில் ஆள். கையில் விலங்கு மாட்டச் சுங்கை பட்டாணியில் ஆள். நடுவில் முப்பது நிமிடச் சாலை. கவுஸுக்குச் சிரிப்பு வந்தது. உமாராணியின் சிவந்த தோல் ஞாபகம் வந்ததும் நின்றுவிட்டது.

“அந்தத் திருநீறு மிச்சம் இருக்குங்களா?” என்று கேட்டார் நளினி.

“சனிக்கிழமையே தீந்துருச்சும்மா. இப்ப வர்றவங்களுக்குச் சாதாத் திருநீறுதான் பூசறேன். அது நீலமாக மாட்டேங்குது.” பூசாரி குரலைத் தாழ்த்தினார். “டவுன்காரங்க. பக்தி பத்தாது.”

நளினி அந்தக் காலி பித்தளை டப்பாவை வாங்கி, தண்ணீர் விட்டுக் கழுவி, துடைத்து, கோயிலின் சாதாத் திருநீற்றை அதில் நிரப்பிக்கொண்டார்.

காடியில் ஏறியதும் கவுஸுக்குத் தாங்கவில்லை. “அக்கா, பொடி டப்பாவுக்குள்ள இருந்திருக்கு. டப்பா உமா கையில இருந்திருக்கு. கேஸ் முடிஞ்சுதுலா.”

“ஒரு வருசம் அலைஞ்சு வாங்குன பொடியத் திருடுனவ, அதை ஊரு பூரா பூசி விடுவாளா? தன் நெத்தியிலயும் பூசிக்கிட்டு மறுபடி வேலைக்கு வருவாளா?”

“அப்ப உள்ள போட்டது வேற ஆளு.”

“பையில வெச்சு வெளிய கொண்டுபோக முடியாது, கேட்டுல சோதனை. அதனால அங்கேயே ஒளிச்சு வெக்கணும். வெள்ளைப் பொடியை எங்க ஒளிப்ப?”

“வெள்ளைப் பொடிக்குள்ள!” கவுஸ் ஸ்டீயரிங்கைத் தட்டினான். “டப்பா வழக்கப்படி கோயிலுக்குப் போயிடும்னு நெனச்சுப் பாக்காத ஆளு. யாருக்கா?”

“டப்பாவ நீட்டுவோம். டப்பாவே சொல்லும்.”

“நான் இப்பவே சொல்றேன். கோல்ஃப் ஆடாம கோல்ஃப் தொப்பி போட்டவரு. ஒரு தட்டு மீ கோரிங் பந்தயம்.”

நளினி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பியபோது தர்மலிங்கம் கையில் காடிச் சாவியோடு நின்றிருந்தார், பாலாய்க்குக் கிளம்பத் தயாராக. நளினி தேவகியையும் ஸ்டோர் அறைக்கு வரச் சொன்னார். கோயிலில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

“பொடி கெடச்சுதா?” என்றார் தர்மலிங்கம்.

“மொதல்ல பிரசாதம் எடுத்துக்குங்க. உங்க கோயில், உங்க டப்பா.”

பித்தளை டப்பா மூடி திறந்தபடி முன்னால் வந்ததும், ஐம்பத்தைந்து வருஷப் பழக்கம் தர்மலிங்கத்தின் கையை எடுத்துக்கொண்டது. ‘சிவ சிவா’ என்று வலது கை டப்பாவுக்குள் போயிற்று, இடது கை தொப்பியைத் தூக்கிற்று.

நீலம். புருவத்துக்கு மேலே, மூன்று பட்டை, உமாராணியுடையதைவிட அகலமாக.

தர்மலிங்கத்துக்குத் தான் செய்தது உறைக்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது. தொப்பியைத் திரும்ப வைக்கப் போனார்.

“விடாதீங்கக்கா! மாட்டிக்கிட்டாரு!” கவுஸ் குதித்தே விட்டான். “என் மீ கோரிங்!”

“நான் எடுக்கல! சாமி சத்தியமா!” தர்மலிங்கத்துக்கு வியர்த்துக் கொட்டியது. “சனிக்கிழமை காலையில கண்ணாடியில பாத்தேன். என்னான்னே புரியல. திங்கக்கிழமை டாக்டர் நீலத்துக்குக் காரணம் சொன்னதும் எனக்குக் கை காலே ஓடல. நானே என் கம்பெனியில திருடுனேன்னு சொல்லுவாங்களே, நாளைக்கு வர்றவங்க என்ன நெனப்பாங்க…”

“போஸைச் சும்மா விடு கவுஸ்,” என்ற நளினி, டப்பாவை அடுத்து தேவகியின் பக்கம் நீட்டினார். “டாக்டர், எடுத்துக்குங்க.”

தேவகியின் கை முன்னால் வரவில்லை. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போயின.

“வேணாம். எனக்கு… தோல் அலர்ஜி.”

“அப்ப நெத்தியில இருக்கறது என்ன? முகப் பவுடரா?”

“அது வீட்டுலேருந்து பூசிட்டு வந்தது.”

“வீட்டுத் திருநீறு ஒத்துக்கும், இந்த டப்பாத் திருநீறு மட்டும் ஒத்துக்காது.” நளினியின் குரல் உயரவில்லை. “வெள்ளிக்கிழமை கடைசியா கெளம்புனது மூணு பேரு. இந்த வாசல்ல திருநீறு எடுக்காம யாரும் போகமாட்டாங்க. டாக்டர் ஒருநாள் தவறினதில்ல. போஸே சொன்னாரு. போஸ் போறப்ப எடுத்தாரு, நீலம். உமா கோயில்ல பூசிக்கிட்டா, நீலம். பூசாரி, தோட்டத்துல கைக்குழந்தை வரைக்கும் நீலம். உள்ள என்ன இருக்குன்னு தெரியாதவங்க எல்லாரும் நீலம், டாக்டர். நீங்க மட்டும் வெள்ளை.”

கவுஸ் மெதுவாக உட்கார்ந்துகொண்டான். காலையிலிருந்து அவன் நீலத்தையே தேடிக்கொண்டிருந்தான். வெளுப்பாக இருந்தவர் மேல் இரக்கம்வேறு பட்டிருந்தான்.

தேவகி சுவரில் சாய்ந்தார். “அதைக் கொட்டிடலாம்னுதான் நெனச்சேன். மனசு வரல,” என்றார் கடைசியில். “ஜெல் நிக்கல. கண்ணாடித் தட்டுல அழகா இருக்கு. ஒடம்புச் சூட்டுல உப்புத்தண்ணியில போட்டா மூணாம் நாள் கொழகொழன்னு போயிடுது. பொடிக்கும் ஜெலட்டினுக்கும் அளவு இன்னும் கூடி வரல. ரெண்டு மாசம் வேணும்னேன். போஸ் எல்லாருக்கும் தேதி குடுத்துட்டாரு. பொடி தொலைஞ்சுபோச்சுன்னா அவங்க வர்றத தள்ளிவெப்பாங்கன்னு… ரெண்டு நாள் கழிச்சு ஸ்பிரிட்டுல கரைச்சு, திருநீற வடிகட்டிப் பிரிச்சு, நானே கண்டுபிடிச்ச மாதிரி எடுத்துக் குடுத்துடலாம்னு இருந்தேன். சனிக்கிழமை வந்து பாத்தா டப்பாவே இல்ல.”

“அதுவரைக்கும் சரி. வேலை போயிடுமேன்னு பயந்து செஞ்ச காரியம்னு வெச்சுக்குவோம்,” என்றார் நளினி. “திங்கக்கிழமை இந்தப் பொண்ணு நெத்தியப் பாத்ததும் உங்களுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சு. அப்பவும் அவளைக் கைகாட்டுனீங்களே.”

தேவகி உமாராணியைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாதீங்க. இது சாதாத் திருநீறு,” என்று மூடியைப் போட்டார் நளினி.

தர்மலிங்கம் தொண்டையைக் கனைத்தார். முதலாளிக் குரலைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “சரி, சரி. டாக்டர், நாளைக்கு வர்றவங்ககிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிட்டு ரெண்டு மாசம் கேளுங்க. அப்புறம் உங்க கதையப் பேசுவோம். உமா, போனது போகட்டும்மா. நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வா. நெத்தி நீலம் போறவரைக்கும் உனக்கும் ஒரு தொப்பி வாங்கித் தர்றேன்.”

உமாராணி எழுந்தாள். மூன்று நாளில் அந்த நாற்காலியைவிட்டு அவள் தானாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

“மூணு நாளா இந்த நெத்தியோட பஸ்சுல வந்துட்டுப் போனேன் போஸ். உங்க நெத்தியும் இதேதான்னு தெரிஞ்சும், என்னை இங்க உக்கார வெச்சீங்க. எனக்குத் தொப்பி வேணாம். நீங்க உங்க தொப்பியக் கழட்டிட்டு, என்கூட கேட்டு வரைக்கும் நடந்து வாங்க. அது போதும்.”

தர்மலிங்கம் நளினியைப் பார்த்தார். நளினி சுவரில் இருந்த படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவுஸ் மரியாதையாகக் கதவைத் திறந்து பிடித்தான்.

வேலை முடிந்து எல்லாரும் கிளம்புகிற நேரம். வெறும் நெற்றியோடு முதலாளி முன்னால் வர, உமாராணி பக்கத்தில் வர, நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டில் காவலாளி முனியாண்டி முதலாளியின் நெற்றியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் குவித்தார்.

“ஐயா! உங்களுக்குமா! கோலா கெத்தில்ல அம்மன் அருள்னு சொன்னாங்க. நம்ம ஐயாவுக்கும் எறங்கியிருக்கே!”

“முனியாண்டி அண்ணே,” என்றாள் உமாராணி. “திங்கக்கிழமை என் நெத்தியப் பாத்துட்டு பையக் கீழ கொட்டித் தேடுனீங்களே. அப்ப இதுக்குப் பேரு என்னண்ணே?”

முனியாண்டியின் கைகள் தலைக்கு மேலேயே நின்றுவிட்டன. அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி தரையைப் பார்த்தார். பின்னால் நின்ற கூட்டம் எல்லாரையும் பார்த்தது.

“அவ திருடல,” என்றார் தர்மலிங்கம்.

“கேக்கல போஸ்,” என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான் கவுஸ்.

“உமா திருடல! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!”

உமாராணியின் கண் கலங்கியது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தன் பையைத் திறந்து முனியாண்டி முன்னால் நீட்டினாள். “பாருங்கண்ணே. தெனமும் பாக்கறதுதானே. எல்லார் பையையும் பாக்கணும்.” அவள் கண் தர்மலிங்கத்தின் கக்கத்தில் இருந்த தோல்பைக்குப் போனது. “ஐயா பையையும்.”

தர்மலிங்கம் மறுக்க வாய் திறந்தார். இத்தனை பேர் பார்க்கிறார்கள். பையை நீட்டினார். முனியாண்டி அதைத் திறந்தார். உள்ளே மூன்று புதுத் தொப்பிகள் இருந்தன.